பிறவிப் பெருமையும் பிள்ளைகளின் சினிமாவும்

பிள்ளைகளுக்கான படம் என்று ஒரு சினிமாவுக்கு முத்திரை குத்தப்பட்ட மாத்திரத்தே, அதனைப் பற்றிய விசாரணை முடிந்துவிட்டதாகவே நம்மிற் பலர் கருதிவிடுகின்றோம். நாவலொன்றிலோ நாடகமொன்றிலோ பிற்போக்குக் கருத்துத் தலைகாட்டினால் பக்கம் பக்கமாகக் கண்டனம் எழுதும் விமர்சகர்களும், சித்திரப்படம் என்றவுடன் பேனாவை மூடி வைத்துவிடுகின்றனர். ஆபாசம் இல்லை, குடும்பத்தோடிருந்து பார்க்கலாம் என்ற நற்சான்று ஒன்றே போதுமானதாகிவிடுகின்றது. வளர்ந்தோர் ஒரு படத்தை ஒருமுறை பார்த்து மறுநாள் மறந்துவிடுவர். பிள்ளையோ அதே படத்தை இருபது முறை பார்க்கும். வசனங்களை நெட்டுருப் பண்ணும். துவாயைக் கழுத்திற் கட்டிக்கொண்டு மேசையிலிருந்து குதிக்கும். கருத்துக்கள் மனத்தில் வேர்விடுவது பிரசங்கத்தினாலன்று, இத்தகைய பழக்கத்தினாலேயாம். ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் வேறெந்தப் படத்தைக் காட்டிலும் பிள்ளைகளின் படத்தையே கண் விழித்திருந்து நோக்குதல் வேண்டும் என்பது எமது துணிபு.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் படம் 'தி இன்கிரெடிபிள்ஸ்'. அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் தயாரித்து, டிஸ்னி கொம்பனி 2004 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியிட்டது. எழுதி இயக்கியவர் பிராட் பேர்ட். சிறந்த சித்திரப்படத்துக்கான விருது உட்பட இரண்டு ஒஸ்கார் விருதுகளைப் பெற்று, உலகெங்கும் 60 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. 2018 இல் வெளிவந்த இரண்டாம் படம் 120 கோடி டொலரையும் தாண்டியது. 2024 இல் மூன்றாம் படம் பற்றிய அறிவித்தலும் வந்துவிட்டது. இருபது ஆண்டு கடந்த படத்தை இப்பொழுது இழுத்துவைத்துப் பேசுவானேன் என்று கேட்போர்க்கு இதுவே விடை. அது பழைய படமன்று. அதனை முதலிற் பார்த்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகித் தம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகின்றனர்.

கதையை அறியாதார்க்குச் சுருங்கச் சொல்லிவிடுவோம். அசாத்திய சக்திகளோடு பிறந்த அதிமனிதர் சிலர் ஒரு நகரத்தைக் காத்துவருகின்றனர். அவர்களுள் முதல்வனான பொப் பார், தற்கொலைக்கு முயன்ற ஒருவனைக் காப்பாற்றுகிறான். சாக விரும்பிய தன்னைக் காப்பாற்றியது குற்றமென்று அவன் வழக்குத் தொடுக்கிறான். பொப் தடுத்து நிறுத்திய புகைவண்டியிற் காயமுற்றோரும் பின்தொடர்ந்து வழக்காடுகின்றனர். வெறுப்பும் வழக்குச் செலவும் பெருகவே, அரசாங்கம் அதிமனிதர்களை மறைந்து வாழுமாறு பணித்துச் சாதாரண மக்கள் மத்தியிற் குடியமர்த்துகின்றது. பதினைந்து ஆண்டுகளின் பின் பொப், காப்புறுதிக் கொம்பனியொன்றின் சிற்றறைக்குள் உடலை ஒடுக்கிக்கொண்டிருக்கும் எழுதுவினைஞன். உடலை எவ்வளவும் நீட்டவல்ல மனைவி ஹெலன் வீட்டைப் பார்க்கிறாள். மகள் வயலற் கண்ணுக்குப் புலனாகாது மறையவல்லவள்; மகன் டாஷ் மின்னலென ஓடவல்லவன்; ஜாக்-ஜாக் கைக்குழந்தை. தீவொன்றிலிருந்து பொப்புக்கு இரகசிய வேலைக்கான அழைப்பு வருகின்றது. அது சின்ட்ரோம் என்பவனின் சூழ்ச்சி. குடும்பம் முழுவதும் சேர்ந்து அவனை முறியடிக்கின்றது.

படம் திறமையானது என்பதை மறைப்பதால் நமக்கு ஆகப்போவது எதுவுமில்லை. வெட்கத்தினால் முகத்தைக் கூந்தலால் மறைக்கும் பெண்பிள்ளைக்கு மறையும் சக்தி. எல்லாத் திசையிலும் இழுபடும் தாய்க்கு நீளும் சக்தி. இவை வாழ்க்கையை உற்றுநோக்கிய கலைஞனொருவனின் கற்பனைகள். சாப்பாட்டு மேசையிற் பிள்ளைகள் அடிபட, தாய் இரு கைகளையும் நீட்டி விலக்க, தகப்பன் ஈற்றில் மேசையையே தூக்கிப் பிடிக்கும் காட்சியைப் பார்த்துச் சிரியாத பெற்றோர் இரார். குகையொன்றில் ஒளித்திருக்கையில், நீங்கள் தொலைக்காட்சியிற் காணும் பொல்லாதவர்களைப் போன்றவர்களல்லர் இவர்கள், பிள்ளைகள் என்று பார்த்து விட்டுவிடமாட்டார்கள் எனத் தாய் உண்மையைச் சொல்லிவிடுகின்றாள். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாத தாயை ஹொலிவூட்டில் அடிக்கடி காணமுடியாது. மோசமான படமாயின் இக்கட்டுரைக்கே அவசியம் நேர்ந்திராது.

ஆயினும் படத்தின் மிகச் சிறந்த பகுதி பாய்தலும் பறத்தலுமன்று, காப்புறுதிக் கந்தோர்க் காட்சிகளேயாம். முதியவள் ஒருத்தி தன் கோரிக்கை மறுக்கப்பட்டதால் கலங்கி அழுகின்றாள். மாதாமாதம் வரும் மட்டான வருமானத்திற் சீவிப்பவள் அவள். பொப் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எந்தப் படிவத்தை எந்த மாடியில் யாரிடங் கொடுக்கவேண்டுமென்று தாழ்ந்த குரலிற் சொல்லிக்கொடுக்கிறான். வெளியே கேட்பதற்காக, உதவ முடியவில்லையே என்று உரத்த குரலில் வருந்துகிறான். இதனை அறிந்த மேலாளன் ஹப் அவனை அழைத்து ஏசுகின்றான். வாடிக்கையாளரின் முறைப்பாடுகளையிட்டு ஹப்புக்குக் கவலையில்லை. பொப்பிடம் வருவோர் எல்லாரும் கொம்பனியின் உள்விவகாரங்களை நன்கறிந்தவர்களாகிவிடுகிறார்களே என்பதுதான் அவன் ஆத்திரம். நம்மவர்களுக்கு உதவத்தான் வேண்டும், அந்த நம்மவர் முதலாவதாகப் பங்குதாரர் என்பது அவன் போதனை. கொம்பனி ஒரு பெரிய மணிக்கூடு; ஊழியர்கள் அதன் பற்சில்லுகள்; சில்லுகள் ஒன்றோடொன்று பொருந்தினாற்றான் மணிக்கூடு ஓடும் என்றும் சொல்கின்றான். அவ்வேளையில் யன்னலுக்கு வெளியே தெருவில் ஒருவன் அடித்துப் பறிக்கப்படுகின்றான். உதவிக்கு எழுந்த பொப்பை, வெளியே போனால் வேலை போய்விடும் என்று ஹப் மறிக்கின்றான். கள்ளன் தப்பிவிடுகின்றான். பொப் ஆத்திரம் அடக்கமாட்டாமல் ஹப்பைச் சுவர்களை ஊடறுத்து எறிகிறான். வேலை போகின்றது.

இரண்டு களவுகளை ஒரே சட்டத்துள் வைத்துக் காட்டுகையில் படம் உண்மையின் வாசலுக்கே வந்துவிடுகின்றது. தெருவிற் பறித்தவனைப் பொலிசார் தேடுவர். அறைக்குள் இருந்து பறிப்பவனுக்கு மேசையும் சம்பளமும் பங்குதாரரின் பாராட்டும் உண்டு. பிள்ளைகளின் படமொன்று இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம். ஆனால் வந்த வாசலிலேயே அது திரும்பிவிடுகின்றது. ஹப் வைத்தியசாலைக்குப் போகிறான். அரசாங்க அலுவலர் செலவுக் கணக்கை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். பொப் தீவுக்குப் போகிறான். கொம்பனி மணிக்கூடு போல் ஓடிக்கொண்டேயிருக்கின்றது.

எம் வீட்டில் இப்படம் ஓடியபோது, ஏழு வயதுப் பிள்ளை படம் முடிந்தபின் ஒரேயொரு கேள்விதான் கேட்டது. "அந்த ஆச்சிக்குக் காசு கிடைச்சதோ?" மகாகெட்டிக்கார விமர்சகர்களில் எத்தனை பேர் இக்கேள்வியைக் கேட்டிருக்கிறார்களோ, நாமறியோம். பொப் சொன்ன வழியாற் போயிருந்தாற் கிடைத்திருக்கலாம் என்று ஊகிக்கலாமேயன்றி, படம் அவளை மீண்டும் நமக்குக் காட்டுவதில்லை.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அந்தப் படம் முழுவதிலும் மனிதருக்கு நேரடியாகப் பயன்பட்ட செயல்களை எண்ணிப் பார்ப்பின், முதியவளுக்குப் படிவம் பற்றிச் சொல்லிக்கொடுத்தது முன் வரிசையில் நிற்கும். அதற்கு அதிசக்தி எதுவும் வேண்டியிருக்கவில்லை. விதிகளை அறிந்த, மனச்சாட்சியுள்ள எழுதுவினைஞர் எவரும் அதனைச் செய்யலாம். அக்கந்தோரின் எல்லாச் சிற்றறைகளிலும் இருந்த எல்லா எழுதுவினைஞரும் அன்று காலை அதனையே செய்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? மணிக்கூடு நின்றிருக்கும். ஹப்பின் பயம் முழுவதும் அதுவே. ஒருவனை வேலையிலிருந்து நீக்கலாம். எல்லாரையும் நீக்கிவிட்டுக் கொம்பனி நடத்த முடியாது. எழுதுவினைஞர் சங்கம், தொழிற்சங்கம், கூட்டு முயற்சி என்ற சொற்களெல்லாம் தோன்றியது இந்த எளிய கணக்கிலிருந்துதான். படத்தை ஆக்கியோர் இக்கணக்கைக் கண்டும் காணாதார் போல் விலகி, ஒருவன் புயத்தின் பலத்தை மாத்திரம் நம்பச் சொல்கின்றனர்.

இனி வில்லனுக்கு வருவோம். சின்ட்ரோம் என்பவன் முன்னொரு காலத்திற் பொப்பின் மீது பேரபிமானங் கொண்டிருந்த சிறுவன். பிறவிச் சக்தி எதுவும் அவனிடம் இல்லை. ஆனால் தன் மூளையாலும் கையாலும், பறக்க உதவும் சப்பாத்துகளைச் செய்துகொண்டு, உனக்கு உதவியாளனாக இருக்கிறேன் என்று வந்து நிற்கிறான். நான் தனியே வேலை செய்பவன் என்று சொல்லி அவனைத் துரத்திவிடுகின்றான் பொப். அந்த அவமானம் அவனைக் கொடியவனாக்குகின்றது. வளர்ந்து, ஆயுதங்களைக் கண்டுபிடித்து விற்றுப் பெருஞ் செல்வனாகின்றான். தன் இயந்திரத்தைப் பரீட்சிப்பதற்காக அதிமனிதர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கொல்கிறான். அவன் கொலைகாரன் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அவனுக்காக வக்காலத்து வாங்க நாம் வரவில்லை.

ஆயினும் படம் அவனுடைய எந்தக் குற்றத்தை உச்சத்தில் நிறுத்துகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆயுதம் விற்றது ஓரிரு வாக்கியங்களிற் கடந்துபோகின்றது. வாங்கியோர் யாவர், எந்தப் பட்டினத்தின் மேல் அவை விழுந்தன என்று யாரும் கேட்பதில்லை. 2003 இல் ஈராக்கின் மீது படையெடுத்த நாட்டின் சினிமா, அடுத்த ஆண்டில் ஓர் ஆயுத வியாபாரியைக் கண்டுபிடித்துங்கூட, அவனுடைய வாடிக்கையாளர் பட்டியலைப் புரட்டிப் பார்க்க விரும்பவில்லை. கொலைகளும் கணினித் திரையில் வரும் பெயர்களாகவே காட்டப்படுகின்றன. அவன் வாயிலிருந்து வருவனவற்றுள் நச்சுத்தன்மை மிக்கதாக, பார்ப்போர் மெய்சிலிர்க்க வேண்டியதாக வைக்கப்பட்டுள்ள பேச்சு வேறொன்று. வயதானபின் தன் கருவிகளை எல்லாருக்கும் விற்றுவிடப்போவதாகவும், அப்பொழுது எல்லாரும் அதிமனிதராகிவிடுவர், எல்லாரும் அதிமனிதராகிவிட்டால் அதிமனிதரென்று எவருமே இரார் என்றும் அவன் கொக்கரிக்கின்றான். மூளையைச் சற்று நிறுத்திக் கேட்டால், இதில் என்ன கேடு இருக்கின்றது? முடவன் நடப்பதும், முதியவள் மலையேறுவதும், பொதிசுமப்பவன் முதுகு நிமிர்வதும் கேடா? ஆனால் படத்தின் தர்க்கத்தில் அதுவே ஆகப்பெரிய பயங்கரம்.

சிறுவன் டாஷும் இதே கருத்தை முன்னமே முணுமுணுத்துவிட்டான். ஒவ்வொருவரும் விசேடமானவர்தாம் என்று தாய் தேற்ற, ஒருவருமே விசேடமானவரல்லர் என்பதை வேறுவிதமாய்ச் சொல்வதுதானே அது என்கிறான் அவன். நல்ல பிள்ளையும் கெட்ட வில்லனும் ஒரே கொள்கையைச் சொன்னால், அக்கொள்கை படத்தினுடையது என்றுதான் கொள்ளவேண்டும். தகப்பனும் தன் பங்கைச் செலுத்துகிறான். நாலாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழாவா, நடுத்தரத்தைக் கொண்டாடப் புதிது புதிதாக வழி தேடுகிறார்களே என்று குமுறுகிறான்.

சக்தி யாருக்கு உரியது என்ற கேள்விக்குப் படம் தரும் விடை மிக வெளிப்படையானது: பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் இருக்கும். கைக்குழந்தைக்குச் சக்தி இல்லையோ என்று ஐயுற்றிருந்த குடும்பத்துக்கு, கடைசியில் அந்தக் குறையும் தீர்ந்துவிடுகின்றது. பிறப்பினாற் பெற்றவன் நல்லவன். கையினாற் செய்து பெற்றவன் கெட்டவன். பிறப்பை வைத்து மனிதனை அளந்த சமூகத்தில் வளர்ந்த நமக்கு இந்தப் பாட்டுப் புதிதன்று, மெட்டு மாத்திரமே புதிது. படத்திற் கைத்திறனுக்கு இடமே இல்லையென்று சொல்வது நியாயமாகாது. எட்னா மோட் என்ற உடை அமைப்பாளர் இருக்கிறார். குரல் கொடுத்தவர் இயக்குநரேயாதலால், பாத்திரம் சுவையாகவும் வந்திருக்கின்றது. அவருக்கும் பிறவிச் சக்தி இல்லை. அவரது அறிவோ அபாரம். ஆனால் அவர் அதிமனிதருக்கு உடை தைத்துக் கொடுப்பவர், சாமானியருக்குத் தைப்பதையிட்டுச் சலித்துக்கொள்பவர். எனவே அவர் போற்றப்படுகின்றார். உயர்ந்தோருக்கு ஊழியஞ் செய்யும் கைத்திறனுக்குப் பாராட்டு; உயர்ந்தோரின் இடத்தை விரும்பும் கைத்திறனுக்கு விமானத்தின் சுழலியில் மரணம்.

படத்துக்காக வாதாடுவோர் சொல்வது எமக்குத் தெரியும். இது சமத்துவத்துக்கு எதிரான படமன்று. ஓடிய எல்லாருக்கும் வெற்றிக் கிண்ணம் வழங்கும் அமெரிக்கப் பாடசாலைகளின் போலிப் புகழுரையைக் கேலி செய்வதே நோக்கம் என்பர். 'அட்லஸ் ஷ்ரக்ட்' என்ற நாவலை 1957 இல் எழுதிய அயின் ராண்டின் சாயலைச் சில விமர்சகர்கள் இப்படத்திற் கண்டதையும், இயக்குநர் அதனை மறுத்ததையும் நினைவூட்டுவர். திறமைசாலிகள் எல்லாரும் உலகைக் கைவிட்டு ஒதுங்கிக்கொள்ள, மிஞ்சியவர்கள் தவித்துப்போவதே அந்நாவலின் சாரம். இயக்குநர் அதனைப் படித்தாரோ படிக்கவில்லையோ, அது நமக்கு முக்கியமன்று. ஒரு சமூகத்தில் ஆளும் வர்க்கத்தின் கருத்து காற்றைப் போல் எங்கும் பரவியிருக்கும். சுவாசிப்பதற்குப் புத்தகம் படிக்கவேண்டியதில்லை.

போலிப் புகழுரையை நாமும் விரும்பவில்லை. கரும்பலகையிற் பிழையாக எழுதிய பிள்ளையைச் சரியென்று சொல்லி அமர்த்தும் ஆசிரியர் அப்பிள்ளையை ஏமாற்றுகிறார். ஆனால் போலிப் புகழுக்கு மாற்று மெய்யான கல்வியேயன்றிப் பிறவிப் பெருமையன்று. டாஷ் ஓட்டப் பயிற்சி செய்து வேகம் பெற்றவனல்லன். ஒரு நாளும் வியர்வை சிந்தாமற் பெற்ற வேகம் அது. அத்தகைய ஒருவனை ஏனைய பிள்ளைகளோடு ஓடவிட்டால், ஓட்டப் போட்டி என்ற சொல்லுக்கே பொருளில்லை. படத்தின் இறுதியில் அவன் ஓடுகிறான். முந்திவிடாதே, பிந்தியும் விடாதே என்று பெற்றோர் மேலிருந்து சைகை காட்ட, வேண்டுமென்றே இரண்டாவதாக வருகிறான். எல்லாரும் கைதட்டுகின்றனர். மூன்றாவதாக வந்த பிள்ளை யார்? மூச்சிரைக்க ஓடி, உண்மையில் இரண்டாமிடத்துக்கு உரியவனாயிருந்து, ஒரு குடும்பத்தின் வேடிக்கைக்காக அதனை இழந்த அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனும் அதே வாங்குகளில் இருந்திருப்பார்களல்லவா? நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் அந்த ஓட்டத்தில் இருப்பது அவ்விடத்திற்றான். பார்க்கும் பிள்ளையோ தன்னை டாஷாகவே எண்ணிக் கைதட்டுகின்றது.

நம் நாட்டு ஆசிரியர்க்கு இது தூரத்து விவகாரமன்று. 1945 இல் இங்கு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, எல்லார்க்கும் கல்வி என்றால் தரம் கெட்டுப்போகும், படிப்புக்கு மதிப்பில்லாமற் போய்விடும் என்று அஞ்சியோர் இருந்தனர். எல்லாரும் படித்தவராகிவிட்டாற் படித்தவர் என்று எவருமிரார் என்ற கவலைதான் அது. சின்ட்ரோமின் வசனத்துக்கும் இதற்கும் உடைதான் வேறு. இன்றும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்திய பிள்ளைகளின் முகங்களைப் பதாகையிற் பெரிதாக அச்சிட்டுத் தொங்கவிடுகின்றோம். பதாகையில் இடம்பெறாத பத்து வயதுப் பிள்ளை அதன் கீழ்தான் தினமும் பாடசாலைக்கு நடந்து போகின்றது.

அதிமனிதக் கதை என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாதானங் கூறலாம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் மூத்தவனான சூப்பர்மேன் 1938 இற் பிறந்தான். படைத்தவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரு இளைஞர். யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். பெரும் பொருளாதார மந்தத்தின் வறுமையை நேரிற் கண்டவர்கள். அவர்களுடைய முதலாவது சூப்பர்மேன், மனைவியை அடிப்பவனைத் தண்டித்தான். குற்றமற்ற பெண்ணொருத்தியை மின்சார நாற்காலியிலிருந்து மீட்டான். அவ்வாண்டே வெளிவந்த மூன்றாவது இதழில் ஒரு சுரங்கத்துக்குச் செல்கின்றான். பாதுகாப்பற்ற சுரங்கத்திற் தொழிலாளி அகப்பட்டுக்கொள்ள, முதலாளி அலட்சியஞ் செய்கின்றான். சூப்பர்மேன் தொழிலாளி வேடம் பூண்டு, அம்முதலாளியையும் அவனது விருந்தினரையும் அச்சுரங்கத்துக்குள்ளேயே அகப்படச் செய்து, தொழிலாளி தினமும் படும் அச்சத்தை அவர்கள் தம் மூச்சினால் உணருமாறு செய்கின்றான். இதுவும் தனிமனித சாகசந்தான். தொழிலாளர் தாமே எழுந்து நின்ற கதையன்று. எனினும் அதிசக்தி எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதில் அவ்விளைஞர்களுக்கு ஐயமிருக்கவில்லை. ஹப்பை எறிந்துவிட்டு நகர்ந்துபோன பொப்பையும், சுரங்க முதலாளியை விட்டு நகராத அந்தப் பழைய சூப்பர்மேனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் எது தொலைந்துபோயிற்று என்பது விளங்கும். அவ்விருவரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டு, பின்னர் பல்லாண்டு வழக்காடி, வறுமையில் உழன்று, 1975 இலேயே ஆண்டுக்கு 20,000 டொலர் உபகாரப் பணமும் படைத்தவர் என்ற பெயரும் பெற்றனர் என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

பிராட் பேர்டும் எப்போதும் இவ்வழியிற் சென்றவரல்லர். 1999 இல் அவர் எடுத்த 'தி அயன் ஜயன்ற்' என்ற படம் 1957 ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஸ்புட்னிக் அச்சம் நிலவிய காலத்தில் நிகழ்வது. ஆயுதமாகச் செய்யப்பட்ட ஓர் இரும்பு இராட்சதன், தான் ஆயுதமாக இருக்கமாட்டேன் என்று தானே தீர்மானிக்கிறான். பிறப்பு விதித்ததை மறுக்கும் பாத்திரம் அது. அப்படம் வசூலில் தோற்றது. பிறப்பைக் கொண்டாடிய படம் கோடிக்கணக்கிற் சம்பாதித்தது. 2007 இல் வந்த 'ரற்றற்றூயி' யில் எலியொன்றைச் சமையற்கலைஞனாக்கி, பெருங்கலைஞன் எந்த மூலையிலிருந்தும் வரலாம் என்றார். அதிலே ஒரு தெளிவு தெரிகின்றது. ஆனாலும் எந்த மூலையிலிருந்தும் வருபவன் ஒருவனே. மற்றைய எலிகள் அவனுக்குப் பாத்திரம் பிடிக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. விசேடமானவன் தனியே நின்று உலகைக் காப்பான் என்று சொல்லும் இச்சித்திரப்படத்தை எந்த ஒருவனும் தனியே செய்துவிடவில்லை. கூந்தல் காற்றில் அசைவதற்கும், துணி உடலோடு மடிவதற்கும், நீர் தெறிப்பதற்கும் நூற்றுக்கணக்கான ஓவியரும் கணினி வல்லுநரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். படத்தின் இறுதியில் அவர்களின் பெயர்கள் ஓடுகையில் நாம் எழுந்து போய்விடுகின்றோம். அவர்களை அவர்களுடைய எசமானர் எவ்வாறு நடத்தினர்? ஒருவர் ஊழியரை மற்றவர் தேடி அழைப்பதில்லை என்று தமக்குள் உடன்பாடு செய்துகொண்டதாக, 2010 இல் அமெரிக்க நீதித் திணைக்களம் ஆறு கொம்பனிகள் மீது வழக்கிட்டது. அப்பிள், கூகுள் ஆகியவற்றோடு பிக்சாரும் அவற்றுளொன்று. அவை அவ்வழக்கத்தைக் கைவிட இணங்கின. தம் சம்பளம் உயராது தடுக்கப்பட்டதெனச் சித்திரப்படத் தொழிலாளர் தொடுத்த வழக்கில், 2017 இல் டிஸ்னியும் பிக்சாரும் லூக்காஸ்பிலிமும் 10 கோடி டொலர் செலுத்தச் சம்மதித்தன. மேலாளன் ஹப்பைக் கேலிச்சித்திரமாகத் தீட்டியவர்கள் மாதிரிக்காக வெகுதூரம் தேடிப் போகவேண்டியிருந்திராது என்றே எண்ணத் தோன்றுகின்றது. அந்தப் பணம் ஊழியர்க்கு வந்தது அதிமனிதன் ஒருவனால் அன்று. வழக்குக்குப் பெயர் கொடுக்கத் துணிந்த சில சாதாரண மனிதர், தம்மைப் போன்ற ஆயிரக்கணக்கானோரின் சார்பில் நின்றதனால் வந்தது.

இரண்டாம் படத்தில் வீட்டுக்குள்ளே நல்ல மாற்றமொன்று உண்டு. தாய் வேலைக்குப் போகிறாள். தகப்பன் பிள்ளைகளைப் பார்க்கிறான். மகனின் கணக்குப் பாடத்தை விளங்கிக்கொள்ள முடியாமல், கணக்கை ஏன் மாற்றினார்கள் என்று திண்டாடுகிறான். இக்காட்சிகளை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். வீட்டுக்கு வெளியிலோ நிலைமை முன்னையிலும் மோசம். அதிமனிதரின் மீட்சிக்குப் பொருளுதவுபவன் தொலைத்தொடர்புக் கொம்பனி முதலாளி. அவர்களுடைய உடையிற் படக்கருவி பொருத்தி, மக்களின் அபிப்பிராயத்தை மாற்றிச் சட்டத்தையும் மாற்றிவிடுகின்றான். ஒரு விளம்பர இயக்கத்தினாற் சட்டம் புரண்டதைப் படம் வெற்றியாகவே காட்டுகின்றது. இம்முறையும் வில்லன் பிறவிச் சக்தியற்ற ஒரு கண்டுபிடிப்பாளரே, முதலாளியின் சகோதரி. மக்கள் வாழ்வதை விட்டுத் திரையிற் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள், தமக்காகத் தாமே எழாமல் அதிமனிதரை எதிர்பார்த்துச் சோம்பிவிடுகிறார்கள் என்பது அவளுடைய குற்றச்சாட்டு. படம் முழுவதிலும் அறிவுள்ள ஒரேயொரு சமூக விமர்சனம் இதுவே. அதனைச் சொன்னவள் விலங்கிடப்படுகின்றாள். விமர்சனத்துக்கு விடை சொல்லும் சிரமம் மிச்சமாகிவிடுகின்றது.

அப்படத்தின் தொடக்கத்திலும் காப்புறுதி ஒருமுறை வந்துபோகின்றது. நிலத்தைத் துளைத்து வரும் கள்ளனோடு குடும்பம் போராடி நகரின் ஒரு பகுதி சிதைந்தபின், அதிகாரிகள் அவர்களைக் கண்டிக்கின்றனர். வங்கிகள் காப்புறுதி செய்யப்பட்டவை. நீங்கள் எதுவும் செய்யாதிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும் என்கின்றனர். வங்கிக்கு உடனே பணங் கிடைக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பிளந்துபோன தெருக்களின் இருமருங்கும் குடியிருந்தோருக்குக் காப்புறுதி இருந்ததா, அவர்களுடைய படிவங்கள் எந்த மாடியிற் கிடக்கின்றன என்று கேட்பார் இல்லை.

இப்படங்களைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கும்படி நாம் சொல்லவில்லை. பறித்தால் அடுத்த வீட்டிற் பார்க்கும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளிற் படிப்பிக்கும் ஆசிரிய நண்பர்கள், காப்புறுதிக் கந்தோர்க் காட்சியை மாத்திரம் ஒரு பாடவேளையிற் காட்டி அவ்விடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த நாட் காலை அக்கந்தோரில் என்ன நடந்திருக்கும் என்று மாணவரை எழுதச் சொல்லலாம். எழுதப்பட்டவற்றுள் தேர்ந்தவற்றை இவ்விதழுக்கு அனுப்பிவைத்தால், வரும் இதழ்களில் இடந் தேடிக் கொடுப்போம்.